சில்லிட்ட கல்

குறிஞ்சிமேட்டில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எஸ்தர் ராணி என்று எங்கள் அப்பா ஆசை ஆசையாக வைத்த பெயர் நாசரேத்திலேயே நின்றுவிட்டது. இங்கே நான் கல்லு மேடம். 'கல்லு மேடம் வருது, கல்லு மேடம் போகுது' என்றுதான் பேச்சு. மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, அது அஃறிணையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கல் என்று இவர்கள் சொல்வது கல்லே இல்லை. பெரிய ஹார்லிக்ஸ் பாட்டிலை விட இரண்டு பங்கு பெருத்த ஒரு தகர டப்பா. உள்ளே தேன்கூடு போலத் துளை போட்ட சுட்ட மண். துளை முழுக்க உப்பு. சாப்பாட்டு உப்பு இல்லை, கால்சியம் குளோரைடு. மேலே ஒரு திருகுமூடி. இந்த டப்பாவை இங்கே அறிமுகப்படுத்திய பாவி நான்தான் என்பதால் அந்தப் பட்டம் என்மேல் ஒட்டிக்கொண்டது.

மேல்மலையில் காட்டை மூடி ஒரு தலைமுறை ஆகிறது. சுள்ளி ஒடித்தாலும் வழக்கு. அடுப்பெல்லாம் கரண்ட் அடுப்பு. செத்தவர்களை எரிப்பதும் விறகில் இல்லை, சாண எரிவாயு உலையில். நகராட்சியின் அந்த உலைக்கூடத்தில் வேலைக்கு வந்த புதிதில் அதன் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். எவ்வளவு சூடு வீணாக வானத்துக்குப் போகிறது! ஒருபக்கம் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள் வெந்நீருக்குக் காத்துக்கிடக்கிறாள், இன்னொரு பக்கம் இது இப்படிப் போகிறது. போகிற சூட்டைப் பிடித்து வைத்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது.

பிடித்தேன். தண்ணீர் குடித்த உப்பை உலைச் சூட்டில் வைத்தால் அது குடித்ததையெல்லாம் ஆவியாக விட்டுவிட்டு வறண்டுபோகும். அப்படி வறளுவதற்கு நிறையச் சூட்டை விழுங்கும். வெப்பக்கொள்வினை என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்திருப்பீர்கள். வறண்ட டப்பா ஆறியபின் தொட்டால் ஒன்றும் தெரியாது, சும்மா ஒரு டப்பா. மூடியை இறுக்கி அலமாரியில் பத்து வருஷம் வைத்தாலும் அப்படியே இருக்கும். ஆனால் மூடியைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீரை விட்டால் போதும், விழுங்கிய சூட்டையெல்லாம் கக்கிவிடும். டப்பாவை வாளித் தண்ணீருக்குள் வைத்துவிட்டு வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் வாளித் தண்ணீர் கொதிக்காத குறையாகச் சுடும். ஆஸ்பத்திரிக்கும் பள்ளி விடுதிக்கும் இப்படித்தான் வெந்நீர் போக ஆரம்பித்தது.

ஊர்க்கூட்டத்தில் என்னைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். எங்கள் அப்பனை எரித்த சூட்டில் ஊரான் குளிப்பானா என்று ஒருவர். செத்தவர் உயிர் அந்த டப்பாவுக்குள் மாட்டிக்கொள்ளாதா என்று இன்னொருவர். எனக்குக் கோபம் சுருக்கென்று வரும். ஒரு கல்லில் இருப்பது ஒரே ஒரு வாளி வெந்நீருக்கான சூடு, அதற்கு இத்தனை பேச்சா என்று கத்திவிட்டேன். கடைசியில் பெரியவர்கள் கூடி ஒரு சமாதானம் செய்தார்கள். ஓர் உடல் எரிந்தால் நிரம்புகிற கற்களில் ஒன்று வீட்டுக்காரர்களுக்கு, மற்றவை ஊருக்கு.

சரி, வீட்டுக்குக் கொடுத்த கல்லை என்ன செய்வார்கள்? குளிப்பார்கள் என்று நினைத்தேன். அங்கேதான் நான் ஏமாந்தேன். இவர்களுக்குக் காடாற்று என்று ஒரு சடங்கு உண்டு. எரித்த இடம் ஆற வேண்டும் என்று மறுநாளோ மூன்றாம் நாளோ போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவார்கள். எங்கள் குடும்பத்தில் புதைப்பதுதான் வழக்கம், அதனால் எனக்கு இது தெரியாது. இப்போது எரித்த இடம் என்று ஒன்று இல்லையே, உலைக்குள் போய் ஊற்ற முடியுமா? கல்லில் ஊற்றினார்கள். ஆற்றுவதற்காக ஊற்றிய பால் நுரைத்துக் கொதித்துப் பொங்கி வழிந்தது. முதல் தடவை எல்லாரும் அலறிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இரண்டாவது தடவை ஓடவில்லை. மூன்றாவது தடவை குலவை போட்டார்கள்.

பால் பொங்கினால் நல்லது என்று நினைக்கிற சனத்திடம் நான் என்ன சொல்லி என்ன? பால் பொங்கினால் போனவர் மனம் நிறைந்து போயிருக்கிறார் என்று ஆகிவிட்டது. எவர் கல்லில் எவ்வளவு உயரம் பொங்கியது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். கல்லுக்கு மனசு கிடையாது, எல்லாக் கல்லும் ஒரே அளவுதான் நிரம்புகிறது, பாலை ஊற்றித் துளையை அடைக்காதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். தலையாட்டிவிட்டுப் பாலைத்தான் ஊற்றினார்கள். எல்லாக் கல்லிலும் பொங்கியது, அதனால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. நானும் விட்டுவிட்டேன்.

சடையாண்டியின் கல் வரைக்கும்.

சடையாண்டி பூண்டு விவசாயி. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சில வாரம் கிடந்தார். பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், வீட்டில்தான் போனார். நல்ல புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் இல்லை, கம்பம் சாய்ந்து கரண்ட்டும் இல்லை. எங்கள் உலைக்கு மட்டும் எரிவாயு இருந்ததால் அன்றைக்கே மதியம் எரித்துவிட்டார்கள். கல்லை வாங்க அவருடைய மனைவி லோகமணியே வந்தார். நான் வழக்கம்போல நிறுத்துப் பார்த்துவிட்டு, மூடியை இறுக்கிக் கையில் கொடுத்தேன். முந்தானையை அதன்மேல் போர்த்திக்கொண்டு மழையில் நடந்துபோனார்.

காடாற்று முடிந்த மறுநாள் காலை, நான் உலைக்கூடத்தில் டீயை ஊதிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் பயணப் பை. கண் வீங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. சடையாண்டியின் மகள் கவிநிலா என்றாள். தேனியில் பேக்கரி வைத்திருக்கிறாளாம். பாதை சரியாகிவிட்டது, பதினொரு மணி பஸ்ஸில் கிளம்புகிறாள், அதற்கு முன்னால் என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அப்பாவோட கல்லு பொங்கல மேடம். சில்லுன்னு ஆயிருச்சு. ஏன்?"

பொங்காமல் இருக்காதே என்றேன். இவள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

அவள் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றிலிருந்து சடையாண்டி அவளோடு பேச்சு இல்லை. போனில் அம்மாவோடு பேசும்போது பின்னால் அவர் இருமுவது கேட்கும், அவ்வளவுதான் அவளுக்கு அப்பா. கடைசி நேரம் என்று அம்மா சொன்னதும் கிளம்பியிருக்கிறாள். மண்சரிவில் பஸ் நின்றுவிட, மீதி வழியை மழையில் நடந்தே வந்து சேரும்போது எல்லாம் முடிந்து இருட்டிவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

காடாற்றன்று உறவு முழுக்கக் கூடியிருந்தது. அவள் பால் ஊற்றக் கூடாது என்று பெரியப்பா மொக்கச்சாமி தடுத்தார். ஓடிப்போனவளுக்கு என்ன உரிமை என்று கேட்டார். எப்போதும் வாய் திறக்காத லோகமணி அன்றைக்கு எழுந்து நின்று, மகள்தான் முதலில் ஊற்ற வேண்டும், ஊற்றினால் பொங்கும், எல்லாரும் பாருங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். கவிநிலா ஊற்றினாள். பால் அப்படியே உள்ளே இறங்கியது. ஒரு குமிழி வரவில்லை. கொஞ்ச நேரத்தில் டப்பா ஐஸ் மாதிரி ஆகி, வெளியில் முத்து முத்தாக வேர்த்துவிட்டது.

"பெரியப்பா எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாரு மேடம். 'பாத்துக்கங்கய்யா, என் தம்பி செத்தும் இவள மன்னிக்கல'ன்னு." அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் உடைந்தது. "அம்மா வாயே தெறக்கல. அப்பத்துலருந்து என் முகத்தப் பாக்க மாட்டேங்குது. எனக்கு இனிமே அந்த வீட்டுல என்ன இருக்கு? ஆனா காரணம் தெரியாமப் போக முடியல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மடத்தனம் இப்படி ஒருத்தி தலையில் விடியும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லுக்கு மன்னிக்கவும் தெரியாது, கோபிக்கவும் தெரியாது, அது உப்பு என்று படபடவென்று பேசினேன். கல் தீர்ந்துபோயிருந்தால் பொங்காது, அதுதான் விஷயம், போய் நிம்மதியாக இரு என்றேன்.

அவள் பேக்கரிக்காரி. சூடு என்றால் என்ன என்று தெரிந்தவள். லேசில் விடவில்லை.

"தீந்துபோன அடுப்பு சும்மா இருக்கும் மேடம். என் ஓவன் ஆறினா வெறும் ஓவனா இருக்கும், ஐஸ் ஆகாது. இது கை வெறைக்கிற மாதிரி ஆச்சே. எங்கிருந்து வந்துச்சு அந்தக் குளிர்?"

நல்ல கேள்வி. என்னிடம் வேலை கேட்டு வந்த ஒரு பட்டதாரியும் இதைக் கேட்டதில்லை. எனக்குக் கோபம் போய்விட்டது. உள்ளே கூட்டிப்போய் இரண்டு கிண்ணத்தில் உப்பு எடுத்தேன். ஒன்று உலையில் வறண்ட உப்பு, மாவு போல இருக்கும். மற்றது ஏற்கனவே தண்ணீர் குடித்து, குளிரில் கட்டியாக உறைந்த அதே உப்பு. இரண்டிலும் ஒரே குடத்துத் தண்ணீரை ஊற்றி, கிண்ணங்களை அவள் கையில் கொடுத்தேன். ஒரு கையில் இருந்ததைச் சட்டென்று கீழே வைத்தாள், சுட்டுவிட்டது. மற்றதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"இதான். இதே குளிருதான்."

"ரெண்டும் ஒரே உப்புதாம்மா," என்றேன். "வறண்டது தண்ணிக்கு ஏங்கிக் கெடக்கு. தண்ணி வந்து சேந்ததும் சூட்டை வெளிய தள்ளுது. மத்தது வயிறு முட்டக் குடிச்சிட்டு, தண்ணியும் உப்புமா கை கோத்துக் கெட்டியா உக்காந்திருக்கு. மேல மேல ஊத்துனா அந்தப் பிடி விட்டுக் கரையணும். பிடிய விடுறதுக்குச் சூடு வேணும்லா? அதை உன் கையிலருந்து எடுத்துக்குது. சேருறப்ப கொடுக்கும், பிரியுறப்ப எடுக்கும். உலகத்துல எல்லாப் பொருளுக்கும் இதே கதைதான்."

அவள் இரண்டு கிண்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப எங்கப்பா கல்லு முன்னாடியே தண்ணி குடிச்ச கல்லு."

"ஆமா."

"நீங்க எங்களுக்குத் தீந்த கல்லக் குடுத்துட்டீங்களா?"

இல்லவே இல்லை என்றேன். அது மட்டும் நடக்காது. நிரம்பிய கல் எடை குறைவாக இருக்கும், தண்ணீர் குடித்த கல் ஏறக்குறைய இரண்டு பங்கு கனக்கும். சூடு நிறைந்தது லேசு, சூடு தீர்ந்தது கனம். கேட்கிறவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் தராசில் வைத்தால் நொடியில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு கல்லையும் நானே நிறுத்துத்தான் கொடுப்பேன். சடையாண்டியின் கல்லையும் நிறுத்தேன். பஞ்சு போல இருந்தது.

"காடாத்து அன்னைக்கி என் தம்பிதான் கல்லத் தூக்கிட்டு வந்தான்," என்றாள் மெதுவாக. "என்னமா கனக்குதுன்னு சொன்னான். அதுக்கும் பெரியப்பா, 'மனக்கனத்தோட போயிருக்கான்'னாரு."

நான் டீயை அப்படியே வைத்துவிட்டுத் தொங்கு தராசை எடுத்துக்கொண்டேன். என் கையிலிருந்து லேசாகப் போன கல் சடங்குக்குக் கனமாக வந்திருக்கிறது. இடையில் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மழை ஈரம் என்று சொல்ல முடியாது, மூடி வழியாகக் கசிந்து அவ்வளவு தண்ணீர் ஏற மாதக்கணக்கில் ஆகும். தவறிக் கவிழ்ந்தும் போயிருக்காது, ஒரே மூச்சில் ஊற்றினால் வாய்வழியாகக் கொதித்துத் தெறித்து மூடியே பறந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாக, செய்யத் தெரிந்த ஒருவர் செய்த வேலை. யார், எதற்கு? போகிற வழியெல்லாம் இதைத்தான் யோசித்துக்கொண்டு நடந்தேன். அப்படி ஒரு வேலையை அந்தப் பெரியப்பனே செய்திருந்தால் அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்பது என்று முடிவும் செய்திருந்தேன்.

வீடு பூண்டு வயலுக்கு மேலே இருந்தது. கவிநிலா பையை வாசற்படியில் வைத்தாள், உள்ளே எடுத்துப்போகவில்லை. மொக்கச்சாமி கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உயரமான மனிதர், துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் கல்லு மேடத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். கல்லுதான் வேலை என்றேன். கவிநிலாவின் தம்பி தருண் வயலுக்குப் போயிருந்தான். அடுக்களை வாசலில் லோகமணி வந்து நின்றார், என் கையிலிருந்த தராசைப் பார்த்தார், உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

கல் சாமிப்படத்துக்குக் கீழே மாலையோடு இருந்தது. மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தராசில் தொங்கவிட்டேன். முள் நான் நினைத்த இடத்துக்கும் கீழே இறங்கியது.

இது என் கையிலிருந்து வரும்போது இதில் பாதிகூட இல்லை என்று மொக்கச்சாமியிடம் சொன்னேன். யாரோ காடாற்றுக்கு முன்பே தண்ணீர் விட்டிருக்கிறார்கள், சூடெல்லாம் அப்போதே போய்விட்டது, பொங்காததற்கு இந்தப் பெண் காரணம் இல்லை, உங்கள் தம்பியின் மனசும் காரணம் இல்லை என்றேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். வேண்டுமென்றே சடங்கைக் கெடுத்தது எவன், பங்காளிகளில் எவன் வீட்டுக்குள் வந்தான் என்று சத்தம் போட ஆரம்பித்தார்.

"எவனும் வரல மாமா," என்றார் லோகமணி. "நாந்தான் ஊத்துனேன்."

கவிநிலா அம்மாவையே பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் பார்க்க முடியவில்லை. சொந்த அம்மாவே எல்லார் முன்னாலும் தன்னை நிற்க வைத்து அவமானப்படுத்திவிட்டாள் என்று ஒரு கணம் நினைத்திருப்பாள். நானே நினைத்தேன்.

லோகமணி வெளியே வந்து, சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தார். மகளிடம் பேசவில்லை. மொக்கச்சாமியிடமும் பேசவில்லை. நான் மூன்றாம் ஆள் என்பதாலோ என்னவோ என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவரு போன அன்னைக்கி விடிகாலைல மழை கொட்டுது. மூச்சு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. கண்ணத் தெறந்து, அவ கெளம்பிட்டாளான்னு கேட்டாரு. இத்தன வருசத்துல அவ பேச்சையே எடுக்காத மனுசன். கெளம்பிட்டாங்கன்னேன். 'நனைஞ்சுட்டு வருவா, வெந்நி போட்டு வையி'ன்னாரு. அதான் கடைசி. அதுக்கப்புறம் பேச்சு இல்ல."

கவிநிலா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மற்றதை லோகமணி விட்டு விட்டுச் சொன்னார். உடலை எடுத்துப்போனார்கள், எரித்தார்கள், கல்லைக் கொண்டுவந்து வைத்தார். இருட்டும் நேரத்தில் மகள் வாசலில் வந்து நிற்கிறாள். உதடு நீலமாகி, பல் கிட்டி, பேச வரவில்லை. துக்க வீட்டுக்கு வந்தவள் தலை முழுகாமல் உள்ளே வர முடியாது, பார்த்துக்கொண்டு உறவு உட்கார்ந்திருக்கிறது. வெளியே தொட்டித் தண்ணீர் ஐஸாக இருக்கிறது. கரண்ட் இல்லை. அடுப்பு இல்லை. விறகு என்பதே ஊரில் கிடையாது.

"வெந்நி போடுன்னு சொல்லிட்டுப் போனவரு, பக்கத்துலயே கல்லா உக்காந்திருக்காரு," என்றார். "நான் என்னங்க செய்யட்டும்?"

பின்பக்கமாகக் கல்லை எடுத்துப்போய் வாளிக்குள் வைத்து, டம்ளர் டம்ளராக ஊற்றியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா செய்வதைத் தினமும் பார்த்ததுதான். அங்கேதான் அவருக்கு அந்தத் தப்பு எண்ணமும் வந்திருக்கிறது. அங்கே ஒரே கல் காலையிலிருந்து சாயங்காலம் வரை வாளி வாளியாகச் சுட வைத்துக்கொண்டே இருந்ததாம். கொஞ்சம் எடுத்தால் தீர்ந்தா போய்விடும் என்று நினைத்திருக்கிறார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அங்கே ஒவ்வொரு வாளிக்கும் கல்லை மாற்றுவார்கள், எல்லா டப்பாவும் ஒன்றுபோல இருப்பதால் படுக்கையோரம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இதை நான் ஊரில் ஒருத்தருக்காவது சொல்லியிருக்கிறேனா?

"காடாத்துல பொங்குறப்ப எல்லாரு முன்னாலயும் சொல்லிரலாம்னு இருந்தேன். அவரு இவளுக்கு வெந்நி போடச் சொன்னத. அதுக்காகத்தான் இவளையே மொதல்ல ஊத்தச் சொன்னேன். பொங்கலையே." லோகமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "சடங்குக்கு முந்தி நான் கைய வச்சதுக்குக் கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்சேன். இவ முகத்த எப்படிப் பாப்பேன்?"

ஆக, அப்பா தன்னை மன்னிக்கவில்லை என்று மகள் நினைத்திருக்கிறாள். போனவருக்குத் தன்மேல் கோபம் என்று அம்மா நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரு டப்பா உப்புக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார்கள். ஆறுதல் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி பாடம் எடுப்பது.

"லோகமணியக்கா, இங்க பாருங்க," என்று கல்லைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். "பாதி சூடு மிச்சம் இருந்திருந்தாக்கூட பால் ஊத்தினப்ப வெதுவெதுன்னாவது ஆகியிருக்கும். கொஞ்சூண்டு இருந்திருந்தா சும்மா இருந்திருக்கும். இப்படிச் சில்லுன்னு ஆகணும்னா உள்ள ஒரு சொட்டுச் சூடு மிச்சம் இருக்கக் கூடாது. எல்லாம் அந்த ஒரு வாளியில எறங்கிருச்சு. இந்த ஊருல இதுவரைக்கும் எத்தனையோ கல்லுல பால் பொங்கியிருக்கு. பொங்கி வழிஞ்சு தரையிலதான் போச்சு. வீட்டுக்குன்னு குடுத்ததுல ஒரு கல்லு முழுசா ஒரு ஆளுக்குப் போய்ச் சேந்தது இது ஒண்ணுதான்."

மொக்கச்சாமி துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "வெந்நி போடச் சொன்னானா அவன்?" என்று கேட்டார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"ஆமா மாமா."

"வேற என்ன சொன்னான்?"

"வேற ஒண்ணும் இல்ல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்ட வேண்டும் என்று நான் வழியெல்லாம் சேர்த்துவைத்த நாலு கேள்விகளும் எங்கே போயின என்று தெரியவில்லை.

கல்லைத் திருப்பிக் கொண்டுபோய் உலையில் வைத்தால் மறுபடி நிரம்பிவிடும், வேண்டுமானால் நிரப்பித் தருகிறேன் என்று கவிநிலாவிடம் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். நிரம்பினால் அது வேறு யாரோ எரிந்த சூடாகத்தானே இருக்கும் என்றாள். அதுவும் நல்ல கேள்விதான். எரிவாயுவின் சூடு எவ்வளவு, மனிதரின் சூடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கருவி என்னிடம் இல்லை. இருந்தாலும் அன்றைக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

டப்பா நகராட்சிச் சொத்து, திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவளும் நான்தான். ஒன்றும் சொல்லாமல் தராசை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

செருப்பை மாட்டும்போது உள்ளேயிருந்து பேச்சுக் கேட்டது. கவிநிலா அம்மாவின் பக்கத்தில், அந்தச் சுவரோரத்திலேயே போய் உட்கார்ந்திருந்தாள். கல் இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது.

"கொதிக்கக் கொதிக்க இருந்துச்சும்மா," என்றாள். "நாந்தான் பச்சத்தண்ணியக் கலந்துக்கிட்டேன். தெரிஞ்சிருந்தா கலந்திருக்க மாட்டேன்."

அப்புறம்தான் அவள் அழுதாள். லோகமணி அவள் தலையைத் தடவிக்கொண்டே, சூடு தாங்காமல் அப்பாவும் எப்போதும் கலந்துதான் குளிப்பார் என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழே சாலையில் பதினொரு மணி பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு தடவை அடித்தது. மொக்கச்சாமி வாசலுக்கு வந்தார். பஸ்ஸைப் பார்த்தார், படியில் இருந்த பையைப் பார்த்தார், என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு குனிந்து பையை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த சேற்றைத் துண்டால் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்.